தில்லைநாதனின் காலுக்குப் போட்ட அரை இலை

நோயாளியின் மனம் தளராமல் காப்பது எப்படி என்று உங்களிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. ஒரு நோயாளியின் மனத்தை மிகுந்த அக்கறையோடும், பட்டப்படிப்பின் துணையோடும், இரண்டு பிரதிகள் எடுத்துத் தளரவைத்தவள் நான். ஆகவே என்ன செய்யக்கூடாது என்பதை அனுபவத்தோடு சொல்ல முடியும். என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு யாராவது சொல்லட்டும். அதற்கு எப்போதும் ஆட்கள் கிடைப்பார்கள்.

இன்று உங்களை மருத்துவச் சமூகப் பணியாளர்கள் என்கிறார்கள். என் காலத்தில் அல்மோனர் என்றார்கள். அது என்ன வேலை என்று பாதி நோயாளிகளுக்குத் தெரியாது. மீதிப் பேர் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு, தாதியை அழைப்பதுபோல் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டு மூத்திரச் சட்டி எடுத்துவரச் சொன்னார்கள். சிங்கப்பூரில் படிப்பை முடித்துவிட்டு, நாடு சுதந்திரம் பெறுவதற்கு முந்திய ஆண்டில் நான் மலாக்காவுக்கு வந்தேன். நாடே எழுந்து நிற்கப்போகிறது, நாமும் நாலு பேரை எழுப்பி நிறுத்துவோம் என்று எண்ணியிருந்தேன். வயது இருபத்து மூன்று. என் தரப்பில் சொல்வதற்கு அதைத் தவிர வேறு சமாதானம் இல்லை.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு தில்லைநாதன். வயது நாற்பத்தொன்று. பேருந்து நிறுவனம் ஒன்றில் டிக்கெட் செக்கர். செமாபோக்கிலிருந்து புக்கிட் ரம்பாய்வரை எந்த பஸ்ஸிலும் எந்த நிறுத்தத்திலும் திடீரென்று ஏறிவிடுவார் என்பதற்காகவே பலர் அவருக்குப் பயந்து டிக்கெட் எடுத்தார்கள். நீரிழிவு இருந்தது. புதுச் சப்பாத்து ஒன்று சுண்டுவிரலைக் கடித்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்தேன். அட்டையில் பெயரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு இருந்தது. வேறென்ன வேண்டும்? தமிழில் தொடங்கிவிட்டேன். மனித மனத்தின் ஆற்றல், இழப்பை வெல்லும் உறுதி, விடியப்போகும் தேசம் என்று இருபது நிமிடம் பேசினேன். அவர் தலைகுனிந்து, கைகட்டி, இடையிடையே பணிவாகத் தலையசைத்துக் கேட்டார். நான் முடித்ததும் பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெரியவரிடம் மலாயில் மெதுவாகக் கேட்டார்: “இந்த மிஸ்ஸி என்ன விக்குது?”

காஜா பெராங்கில் பல தலைமுறைகளாக வாழும் மலாக்காச் செட்டிகளைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பெயர் தமிழ், கோயில் தமிழ், வீட்டில் பேசுவது தமக்கே உரிய ஒரு மலாய். உங்களில் எவராவது பெயரைப் படித்தே ஆளைத் தெரிந்துகொண்டதாக நினைத்தால், அந்த இருபது நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாங்கள் மலாயில்தான் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். மலாயில் இன்னும் காரமாக இருந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது என் உரை அல்ல, ஒரு நாற்காலி. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் உட்காரும் கூண்டு ஒன்று இருந்தது. எந்த பஸ் எப்போது புறப்படுகிறது என்று தகரக் குழாய் வழியாகக் கத்துவது அங்கே வேலை. அதில் இருந்த முதியவர் அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்தார்.

“கத்தறதுக்குக் கால் எதுக்கு மிஸ்ஸி?” என்றார் தில்லைநாதன். “இந்த வாயோட நான் வீட்ல உக்காந்தா என் பெண்டாட்டிதான் செக்கிங்கில மாட்டுவா. அவளக் காப்பாத்துங்க.”

அவருடைய மனைவி மறுபுறம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “டாக்டர் தப்பான எடத்துல வெட்டிட்டாரு” என்று சொல்லிவிட்டு, உரித்த ஆரஞ்சைத் தானே தின்றார்.

அந்தக் கூண்டுக்காக நிறுவனத்தின் மேலாளருக்கு ஓர் அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. நல்ல அறிக்கை என்பது படிப்பவரின் நெஞ்சை நெகிழ வைக்க வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். மூன்று பக்கம் எழுதினேன். குடும்பத்தின் ஒரே தூண் சாய்ந்தது. எதிர்காலத்தை இருள் சூழ்ந்தது. ‘மௌனமாக வேதனையைத் தாங்கும் இந்த மனிதர்’ என்று ஒரு வாக்கியமும் இருந்தது. அவரை மௌனமாக அதுவரை எவரும் பார்த்ததில்லை என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வருவாள். மூன்றாம் பக்கத்தைப் பாதி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“மிஸ், டைப் அடிக்கிறவ கேக்கக்கூடாது. ஆனா இதப் படிச்சா எனக்கே கண்ணு கலங்குது. நீங்க இந்த ஆளுக்கு வேலை கேக்குறீங்களா, ஆறடி எடம் கேக்குறீங்களா?”

“எந்த இடம்?” என்றேன்.

“எந்த எடம்னு நான் சொல்லல மிஸ்” என்று சொல்லிவிட்டு மீதியை அடித்து முடித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பட்டம் பெற்றவளின் நடையைத் தட்டச்சுக்காரி குறை சொல்வதா என்று நினைத்ததாக இன்று ஒப்புக்கொள்கிறேன். அறிக்கையை அன்றே அனுப்பினேன்.

மேலாளர் நல்லவர். இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை, அதுதான் தொல்லை. இரண்டு வாரம் கழித்து அவரே என் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. என் அறிக்கையை நிர்வாகக் கூட்டத்தில் வாசித்தாராம். எல்லோரும் உருகிவிட்டார்களாம். இவ்வளவு துன்பப்பட்ட மனிதர்மீது இனி வேலைச்சுமை ஏற்றுவது பாவம் என்று ஒருமனதாக முடிவெடுத்துவிட்டார்களாம். பொங்கல் வாரத்துச் சனிக்கிழமை ஒரு தேநீர் விருந்து. மாலை, சுவர்க் கடிகாரம், பாராட்டுப் பத்திரம். அன்றே தில்லைநாதன் ஓய்வுப் படிவத்தில் கையெழுத்திடுவார். கூண்டுக்கு வேறு ஆளைப் பார்த்தாகிவிட்டது. விருந்துக்கு நான் தலைமை தாங்க வேண்டும்.

அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். என் வாயிலிருந்து நன்றி என்றுதான் வந்தது.

இது மட்டும் போதாதென்று, மேலாளர் அதே அறிக்கையைத் தொழிலாளர்களுக்கும் வாசித்துக் காட்டியிருந்தார். அதுவரை நடத்துநர்கள் காலையும் மாலையும் வார்டுக்குள் புகுந்து, தில்லைநாதனைக் கேலி செய்து, தாதிகளிடம் திட்டு வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அறிக்கைக்குப் பிறகு வரிசையாக, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். நீரிழிவுக்காரருக்கு வாழைப்பழம். அவர்களில் மூத்தவரான சின்னப்பன் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. நாங்க முன்ன தில்லையப் பாத்தா ‘என்னா நொண்டி, இன்னும் சாவலையா’ன்னுதான் கேப்போம். அவன் எங்க அம்மா அப்பாவெல்லாம் இழுப்பான். ஜாலியா இருக்கும். உங்க லெட்டரக் கேட்டதிலருந்து வாயே வரல. செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறோம். அவனுக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல.”

தில்லைநாதன் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு காயத்துக்கு மருந்து கட்டும் நாட்களில் வரவில்லை. ஊன்றுகட்டைகளைத் தொடவில்லை, அவர் மனைவி அவற்றைச் சாத்தி வைத்துத் துணி காயப்போட்டார். உணவும் குறைந்தது. ஒரு மனிதரை உயிரோடு இருக்கும்போதே, தட்டச்சு செய்து, பதிவேட்டில் எண் கொடுத்து நான் அடக்கம் செய்திருந்தேன்.

இளையவர்களே, நம்முடைய தொழிலில் கொடுமைக்காரர்கள் செய்யும் கேடு குறைவு. அவர்களை எதிர்த்து நோயாளிக்கு ரோஷமாவது வரும். இரக்கத்தை எதிர்த்து யாரால் சண்டை போட முடியும்?

விருந்துக்கு முன் வந்த போகி நாளன்று காஜா பெராங்குக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாகச் சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில், படிவத்தை முன்கூட்டியே காட்டிவரும்படி மேலாளர் என்னிடம் கொடுத்திருந்தார். அதைக் கைப்பையில் வைத்திருந்தேன். கொடுப்பதா, கிழிப்பதா என்று வழியெல்லாம் யோசித்தேன். முடிவு பிடிபடுவதற்குள் வீடு வந்துவிட்டது.

அது செட்டிகள் மறைந்தவர்களுக்குப் படையல் வைக்கும் நாள் என்பது வாசலை அடைந்த பிறகுதான் தெரிந்தது. பார்ச்சு என்பார்கள். தரையில் வாழை இலைகளை விரித்து, இறந்தவர்கள் விரும்பி உண்டதையெல்லாம் பரப்பி, விளக்கேற்றி வணங்குவார்கள். பிறகு சற்று நேரம் ஒதுங்கி நிற்பார்கள். முன்னோர் உண்டு முடித்ததும் அதே உணவை வீட்டார் பகிர்ந்து உண்பார்கள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் மனைவி விடவில்லை. செத்தவர்களுக்கே இடம் இருக்கும்போது உங்களுக்கு இல்லாமல் போகுமா என்று கேட்டு உள்ளே இழுத்துவிட்டார்.

தில்லைநாதன் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இலைகள் விரித்தாகிவிட்டன. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, ஜப்பான்காரன் காலத்தில் இறந்துபோன அண்ணனுக்கு என்று அவர் மனைவி மெல்லச் சொல்லியபடியே பரிமாறினார். மீன் பிண்டாங் குழம்பு, சோறு, தேங்காய்ப்பால் விட்ட பலகாரங்கள், வெல்லம் ஒழுகும் கூவே இனிப்பு என்று வீடே மணத்தது.

“இன்னொரு இலை போடு” என்றார் தில்லைநாதன். வாரக்கணக்கில் பேசாத குரல் கரகரத்தது.

“யாருக்கு?”

“என் காலுக்கு. எனக்கு முன்னாடியே போயிடிச்சில்ல? எங்கப்பாவோட எலையில அது போய் உக்காந்து சண்டை போடணுமா? மிஸ்ஸி எழவுச் சேதிகூட எழுதியாச்சு. மூணு பக்கம்.”

எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அவர் மனைவி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முன்னோர் முன்னிலையில் இப்படிப் பேசுவதா என்று அவர் சீறப்போகிறார், அல்லது அழப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். சமாதானம் சொல்ல வாயைக்கூடத் திறந்தேன். நல்லவேளையாக அவர் முந்திக்கொண்டார்.

அவர் ஓர் இலையை எடுத்தார். அளவு பார்ப்பதுபோல் கணவரை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் சரக்கென்று கிழித்தார்.

“முட்டிக்குக் கீழதானே போச்சு? அரை எலை போதும்.”

தில்லைநாதனின் உதடு ஒருபுறமாகக் கோணியது. “சரி, அரை எலை. ஆனா அதுல கூவே நெறைய வை. உயிரோட இருந்தப்ப டாக்டர் அதுக்கு இனிப்பே குடுக்க விடல. இனிமே அதுக்கு ஏது நீரிழிவு?”

மனைவி கூவேயை அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைக் கையில் எடுத்தவர் நின்றார். படையல் முடிந்ததும் இலைகளில் இருப்பதை வீட்டார் உண்பார்கள். அந்தக் காலுக்கு மிக நெருங்கிய உறவு யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“கெபாலா பத்து” என்றார். கல்மண்டை என்று பொருள். “சாமி கும்பிட்டதும் அந்த எலையில யாரு உக்காரலாம்னு பாத்தே? நானா, நீயா?”

“அது என் சொந்தக் கால்” என்றார் தில்லைநாதன்.

நான் சிரித்துவிட்டேன். படையலுக்கு முன்னால், அலுவல் நிமித்தம் சென்ற அரசாங்க ஊழியர் சிரிக்கக் கூடாத விதத்தில், மூக்கில் ஒலியெழ. அவரும் சிரித்தார். அவர் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு மூன்று கூவேயில் இரண்டைத் திரும்ப எடுத்தார். மிஞ்சிய ஒன்றைப் பின்னர் மூன்று துண்டாக்கினார். தில்லைநாதனுக்கு ஒரு துண்டு கிடைத்தது. வெற்றி யாருக்கு என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. பலகாரத்துக்காகச் சூழ்ச்சி செய்யும் மனிதர் இன்னும் எங்கும் போய்விடவில்லை. நான் நம்பிக்கையை உபதேசமாகக் கொண்டுவந்து ஊற்றப் பார்த்தேன். அது அவரிடமே, அவருடைய பழைய கெட்ட குணங்களோடு ஒட்டிக்கொண்டு, பத்திரமாக இருந்தது.

உணவுக்குப் பின் படிவத்தை வெளியே எடுத்தேன். அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வேற லெட்டர் எழுதுங்க மிஸ்ஸி. இந்த முறை நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. உங்க கையில விட்டா மறுபடியும் கொன்னுடுவீங்க.”

சொன்னார், எழுதினேன். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. எந்தத் தடத்தில் எந்த ஓட்டுநர் எங்கே தேநீர் குடிக்க நிறுத்துகிறார், எந்த பஸ் ஏன் தாமதமாகிறது என்பதெல்லாம் கூண்டில் உட்காரப்போகும் புது ஆளுக்குத் தெரியாது, தனக்குத் தெரியும். உட்கார்வதற்குத் தேவையான உறுப்பு தன்னிடம் முழுதாக இருக்கிறது. இவைதாம் சாரம்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். நான் பயிற்சிக்காலத்தில் இருந்தவள். ஓர் அல்மோனர் மிகைப்படுத்தி எழுதுகிறாள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அடுத்த நோயாளிக்காக நான் எழுதுவதை யார் நம்புவார்கள்? அவருக்காக என் பொறுப்பிலிருந்த மற்ற ஒன்பது பேரைப் பணயம் வைப்பது சரியா? சரி, வேலை கிடைத்துக் காயம் மறுபடி அழுகினால்? அறுவை மருத்துவரைக் கேட்டேன். ஒழுங்காக மருந்து கட்ட வந்தால் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தடையில்லை என்றார். வாயைப் பற்றித் தன்னால் உறுதி தர முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு கணக்குத்தான் நின்றது. நான் பேசாமல் இருந்தால் சேதம் அவருக்கு. பேசினால் சேதம் எனக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் குழப்பிக்கொண்டதுதான் அந்த மூன்று நாள்.

சனிக்கிழமை அவரும் நானும் காஜா பெராங்கில் ஒன்றாக பஸ் ஏறினோம். சின்னப்பன்தான் நடத்துநர். ஊன்றுகட்டைகளோடு ஏறிய தில்லைநாதனை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஒதுங்கி நின்றார்.

“என்னா பாத்துக்கிட்டு நிக்கிறே? எனக்கு டிக்கெட் குடு.”

சின்னப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “ஒத்தக் காலுக்கு அரை டிக்கெட்தான்” என்றார் சின்னப்பன் மெதுவாக, சோதித்துப் பார்ப்பதுபோல. அதற்குத் தில்லைநாதன் சொன்ன பதிலை இங்கே சொல்ல முடியாது. சின்னப்பனின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்ததும் தில்லைநாதனின் கை பழக்கத்தில் நீண்டது. முன்வரிசை, பின்வரிசை என்று எல்லோரும் டிக்கெட்டைக் காட்டினார்கள். கடைசி இருக்கையில் நிறுவனத்தின் பியூன், மடியில் பெரிய ரோஜா மாலையோடு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் டிக்கெட் இல்லை.

“கம்பெனி வேலைண்ணே. உங்களுக்குப் போடற மாலை” என்றார்.

“மாலைக்கு டிக்கெட் வேணாம். அதைத் தூக்கிட்டு வர்ற ஆளுக்கு வேணும்.”

விருந்து மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது அவர் செய்த முதல் காரியம், பியூனின் குற்றத்தை மேலாளரிடம் அறிவித்ததுதான். பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். இரண்டு கால்களையும் ஊன்றி எழுந்து நின்றேன். நான் எழுதிய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கையிலிருந்த தாளை வாசித்தேன். உட்கார்வதற்கான உறுப்பு வந்த இடத்தில் நடத்துநர்கள் மேசையைத் தட்டினார்கள்.

மேலாளரின் முகம் வாடிவிட்டது. “அப்படியென்றால் உங்கள் முதல் கடிதம் பொய்யா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவர் அதைப் படித்து அழுதவர். கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

“பொய் இல்லை. அதில் அவருடைய கால் மட்டும்தான் இருக்கிறது, அவர் இல்லை” என்றேன்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பரிசாகத் தருவதற்கு வைத்திருந்த கடிகாரத்தை. மூன்று மாதம் சோதனைக்குக் கூண்டில் உட்காரட்டும், மருந்து கட்டும் நாள் ஒன்று தவறினாலும் முடிந்தது என்றார். தில்லைநாதன் தலையசைத்தார். அவர் விஷயம் புரிந்து தலையசைத்ததை அன்றுதான் பார்த்தேன். பிரிவுபசார விருந்தில் பிரிபவர் இல்லாமல் போனாலும், தேநீரை யாரும் வீணாக்கவில்லை.

என் மேலதிகாரி எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் அனுப்பினார். உணர்ச்சி மேலீட்டைத் தவிர்க்கவும் என்று இருந்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான அறிவுரை அது.

தில்லைநாதன் மருந்து கட்டும் நாள் எதையும் தவறவிடவில்லை. தவறினால் சின்னப்பன் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்து ஏற்றிப்போவதாக மிரட்டியிருந்தார். இரண்டாம் மாதம் மேலாளரிடமிருந்து எனக்கு ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு புகார்க் கடிதம். எழுதியவர் ஓர் ஆசிரியை. புக்கிட் பாரு பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடிவந்தபோது, கூண்டிலிருந்த நபர் பஸ் நிலையமே கேட்கும்படி, “ரெண்டு காலை வெச்சிக்கிட்டு இவ்வளவு மெதுவாவா? இறங்கி வரட்டுமா? போட்டி போடலாம்” என்று தகரக் குழாயில் கத்தினாராம். இந்த அநாகரிகத்துக்கு நடவடிக்கை தேவை என்று முடித்திருந்தார். உங்கள் நோயாளி, என்ன செய்யட்டும் என்று ஓரத்தில் மேலாளர் பென்சிலால் கேட்டிருந்தார்.

அந்த ஆசிரியைக்கு முறையாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். புகாரைத் தில்லைநாதனின் கோப்பில் சேர்த்து, ‘பூரண குணம், மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று கையெழுத்திட்டு மூடினேன்.